சிறு விமானத்தில் தீ: அணைப்பதும் அதற்குப் பிறகும்

காஞ்சன்பாக்கில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஆகாய சமாசாரங்கள் புதிதல்ல. இங்குள்ள ஆய்வுக்கூடங்களில் ஏவுகணை, ராக்கெட், உலோகம் என்று ஏதாவது ஒன்றில் ஒரு தலைமுறையே உழைத்து ஓய்வு பெற்றிருக்கிறது. சங்கத்தின் பொங்கல் விழாவில் கரும்பு வெட்டிக்கொண்டே டைட்டானியத்தின் உருகுநிலையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் நாம். ஆனால் நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும் ஒரே ஒரு விசிறியும் வைத்துக்கொண்டு பறக்கிற குட்டிப் பயிற்சி விமானத்தைப் பற்றி நம்மில் பலருக்கு அதிகம் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, எதிர் வீட்டுப் பெண் பைலட் பயிற்சிக்குச் சேரும் வரை.

ஒரு நாள் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, இன்னிக்கு ஸ்டார்ட் பண்றப்போ என் ப்ளேன் மூக்குல தீப்பிடிச்சுது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பவுடர் அடிச்சு அணைச்சுட்டாங்க. நாளைக்கு காலையில ஆறு மணிக்கு அதே ப்ளேன்தான்னு சொல்றாங்க. ஏறலாமா?"

நான் விமானம் ஓட்டியவன் அல்ல. உலோகங்களோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன். தீ பட்ட உலோகத்தைப் பற்றி மட்டும் ஓரளவு பேச முடியும். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகப் படித்ததையும், விமானப் பராமரிப்பில் இருந்த நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் தயாரிப்பாளர் கொடுத்த கைப்புத்தகம் உண்டு. ஓட்டுகிறவருக்கு அதுதான் பிரமாணம். இந்தக் கட்டுரை வீட்டில் இருக்கிற நமக்காக.

எது எரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். செஸ்னா 152, செஸ்னா 172 என்ற இரண்டும் உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளின் மாடுகன்றுகள். 172 ரகம் மட்டுமே 44,000க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. மூக்கில் காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் என்ஜின். அதிலிருந்து வெளியேறும் புகைக்குழாயின் உள்ளே சுமார் 750 டிகிரி செல்சியஸ் சூடு. இதே மூட்டைக்குள்தான் பெட்ரோல் குழாய், எண்ணெய்க் குழாய், பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. மேல் இறக்கைகளில் 172ன் பிந்தைய ரகங்களில் ஏறத்தாழ 210 லிட்டர் பெட்ரோல். இது காருக்கு ஊற்றுகிற பெட்ரோல் அல்ல. நீல நிறம் கலந்த விமான பெட்ரோல். நம் நாட்டில் வெகுகாலம் இதை இறக்குமதி செய்துதான் வந்தார்கள். 2022ல்தான் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் செய்து விற்க ஆரம்பித்தது. அந்த நீல நிறத்துக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு, கடைசியில் வருகிறேன்.

தரையில் என்ஜினைக் கிளப்பும்போது பிடிக்கிற தீ, வானில் பிடிக்கிற தீ என்று இரண்டு ஜாதி. முதலாவதுதான் அடிக்கடி நடப்பது.

பழைய செஸ்னாக்களில் கார்புரேட்டர் என்ஜினுக்கு அடியில் இருக்கும். காலையில் குளிர்ந்த என்ஜின் சட்டென்று பிடிக்காது. அதனால் கொஞ்சம் பெட்ரோலை முன்கூட்டியே உள்ளே பீய்ச்சுவார்கள். இதற்குப் பிரைமர் என்று ஒரு கைப்பம்பு. பொறுமை இல்லாதவர்கள் நாலு அடிக்குப் பதில் எட்டு அடி அடிப்பார்கள், போதாததற்கு த்ராட்டிலையும் முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். உபரிப் பெட்ரோல் வடிந்து கார்புரேட்டருக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டியில் தேங்கும். அந்த நேரம் பார்த்து என்ஜின் ஒரு தும்மல் தும்மினால், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய ஜ்வாலை பின்வாங்கி வந்து அந்தக் குட்டையைப் பற்றவைக்கும். கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த புதிய என்ஜின்களிலும் இந்தத் தொல்லை முழுக்கப் போகவில்லை. நம் ஹைதராபாத் மே மாதத்தில் ஓடி நின்ற என்ஜினை உடனே மறுபடி கிளப்பிப் பாருங்கள். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி நிற்கும். பையன் பம்பைப் போட்டுப் போட்டு உள்ளே வெள்ளம் ஆக்கிவிடுவான்.

நம் பாட்டிமார் காலத்துப் பம்பு ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். பர்னர் சூடேறுவதற்குள் அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே வந்து கூரை வரை எரியும். அதேதான் இது.

இனி முக்கியமான இடம். மூக்கிலிருந்து புகை வருகிறது என்றால் சாதாரண மனுஷனுக்கு என்ன தோன்றும்? சாவியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து ஓடத் தோன்றும். கைப்புத்தகம் சொல்வது நேர் எதிர்: சாவியை விடாதே, ஸ்டார்ட்டரைச் சுழற்றிக்கொண்டே இரு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும்போது காற்றை உறிஞ்சுகின்றன அல்லவா? அந்த உறிஞ்சலில் வெளியே எரிகிற ஜ்வாலையும் தேங்கிய பெட்ரோலும் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டுவிடும். தீ இருக்க வேண்டிய இடம் அதுதான். வழிதவறி வெளியே வந்ததை வீட்டுக்குள் கூட்டிப் போகிறோம். என்ஜின் பிடித்துக்கொண்டால் நிமிஷத்துக்குச் சுமார் 1,700 சுற்றில் சில நிமிஷம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, திறந்து பார்க்க வேண்டும். பிடிக்கவில்லையா? த்ராட்டிலை முழுக்கத் திற, பெட்ரோல் கலவையை அடியோடு வெட்டு, இன்னும் கொஞ்சம் சுழற்று. அதற்கும் மசியாவிட்டால் பெட்ரோல் வால்வு, இக்னிஷன், மாஸ்டர் சுவிட்ச் மூன்றையும் அணைத்துவிட்டு, தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கு.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் புகையைப் பார்த்ததும் விரல் சாவியிலிருந்து தானாக விலகியதாம். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தியிருக்கிறார். "அவர் கை வைக்கலைன்னா நான் விட்டிருப்பேன் மாமா" என்றாள். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. தீயை அல்ல.

வானத்தில் பிடிக்கிற தீ அபூர்வம். அது பெரும்பாலும் கசிவால் வரும். தளர்ந்த பெட்ரோல் இணைப்பு, வெடித்த எண்ணெய்க் குழாய், விரிசல் விட்ட புகைக்குழாய். டர்போ வைத்த இரட்டை என்ஜின் செஸ்னாக்களில் புகைக்குழாய் விரிசலிலிருந்து ஊதுகுழல் மாதிரி ஜ்வாலை பாய்ந்து விபத்துகள் நடந்து, 2000ல் அமெரிக்க விமானத் துறை அந்தக் குழாய்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும்படி கட்டாய உத்தரவே போட வேண்டியிருந்தது.

பெரிய ஜெட் விமானங்களில் என்ஜின் பகுதிக்குள் தீயணைக்கும் வாயுவைப் பாய்ச்சும் பாட்டில் உண்டு. பைலட் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை இயக்கிவிடலாம். நம் குட்டி விமானத்தின் மூக்கில் அப்படி எதுவும் கிடையாது. சீட்டருகே ஒரு சின்ன சிவப்பு சிலிண்டர் இருக்கும், அது உள்ளறைக்கு மட்டும். இரும்புத் தட்டிக்கு அப்பால் எரிகிற என்ஜினை அது எட்டவே எட்டாது. அப்படியானால் என்ன செய்வது?

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா கையில் காபியோடு பின்னால் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்தோம். "இதுல என்ன இருக்கு? கேஸ் அடுப்பு பத்திக்கிச்சுன்னா மொதல்ல சிலிண்டரை மூடணும். தண்ணியை அப்புறம் தேடலாம்" என்றார். கைப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அந்த அம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கலவையை வெட்டு, பெட்ரோல் வால்வை மூடு, மாஸ்டர் சுவிட்சை அணை, உள்ளறைக்குச் சூடான காற்று வரும் வழியை அடை. இந்தக் கடைசி விஷயத்தை யோசிக்க வேண்டும். வெப்பக் காற்று புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்துதான் உள்ளே வருகிறது. திறந்திருந்தால் புகையும் விஷவாயுவும் அந்த வழியாகவே வரும். மாஸ்டரை அணைத்தால் ரேடியோவும் போய்விடும். ஆகவே அபாயச் செய்தியைச் சொல்வதானால் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் பேசுவதற்காக விமானத்தை விட்டுவிடக் கூடாது. முதலில் ஓட்டு, பிறகு எங்கே போகிறாய் என்று பார், பிறகு பேசு என்பது உலகம் முழுக்கப் பைலட்டுகளுக்குச் சொல்லித்தரும் வரிசை. செஸ்னா 172ல் இறக்கையின் ஃப்ளாப்பும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. மாஸ்டர் இல்லையேல் அதுவும் இல்லை, இறங்கும் வேகம் கூடும்.

இதற்குப் பிறகும் எரிந்தால் மூக்கைக் கீழே அழுத்தி வேகமெடுக்கச் சொல்கிறது புத்தகம். 172ன் புதிய ரகத்தில் 100 நாட், அதாவது மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர். 152ல் 85 நாட். மெழுகுவத்தியை ஊதி அணைக்கிற தத்துவம்: காற்று அதிகமானால் எரியத் தகுந்த விகிதம் கெட்டுப்போகும். அணையவில்லையா, இன்னும் வேகமாக.

அணைந்தது என்று வையுங்கள். பெரிய ஆபத்து இப்போதுதான். என்ஜின் நம் கையாலேயே செத்துவிட்டது, அதை மறுபடி கிளப்பக் கூடாது. கிளப்பினால் மூடிய பெட்ரோலைத் திறந்ததாகிவிடும். 3,000 அடி உயரத்தில் என்ஜின் இல்லாமல் 172ஐ மிக நிதானமாக மிதக்கவிட்டாலும் தரைக்கு நாலு நிமிஷம்தான். தீக்காக வேகமாகப் பாய்ந்திருந்தால் அதுவும் கிடையாது. அதற்குள் ஒரு வயலைத் தேடி, காற்றைக் கணக்கிட்டு, ஒரே தடவையில் இறங்க வேண்டும். இரண்டாவது சான்ஸ் கிடையாது.

நடுவானில் என்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ஹைதராபாத் கசப்பாகவே பார்த்திருக்கிறது. நகருக்கு வடமேற்கே துண்டிகலில் விமானப்படை அகாடமி. அங்கே இளம் அதிகாரிகள் முதல் பாடம் படித்தது எச்.பி.டி. 32 தீபக் என்ற விமானத்தில். எச்.ஏ.எல். வடிவமைத்து 1977 ஜனவரியில் முதலில் பறந்தது. 260 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர் லைகாமிங் பிஸ்டன் என்ஜின். நம் தாம்பரத்தில் பயிற்சியாளர்களுக்கான பள்ளியிலும் இது இருந்தது. அதன் மேல் இருந்த பெரிய புகார், என்ஜின் பறக்கும்போதே நின்றுவிடுகிறது என்பதுதான். நின்றபின் மிதப்பதும் அதற்குச் சுபாவத்தில் வராது. வெளியே தூக்கி எறியும் எஜெக்‌ஷன் சீட்டும் கிடையாது. முழு விமானத்துக்கும் ஒரு பாராசூட் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். 2009 ஜூலை 31ஆம் தேதி மேதக் மாவட்டத்தில் ஒன்று விழுந்து இரண்டு அதிகாரிகள் பலியானார்கள். அதோடு அத்தனை தீபக்குகளும் தரையில் நிறுத்தப்பட்டன. மறுபடி அவை பயிற்சிக்குத் திரும்பவில்லை. 2012ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் விமானங்கள் 75க்கு ஒப்பந்தமாகி, 2013ல் துண்டிகலில் பயிற்சி தொடங்கியது. இவை பிஸ்டன் அல்ல, டர்போப்ராப். எஜெக்‌ஷன் சீட் உண்டு.

தீபக்கின் கதை தீயின் கதை அல்ல, தெரியும். ஆனாலும் சொல்லக் காரணம் உண்டு. தீ பிடித்த செஸ்னாவின் பைலட், தீபக்கில் தானாக நேர்ந்த அதே நிலைக்குத் தன் விமானத்தைத் தானே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிற என்ஜினைத் தன் கையால் நிறுத்த மனசு வர வேண்டும். "இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடட்டும், ரன்வே தெரியுதே" என்று நினைக்கிற அந்த ரெண்டு நிமிஷம்தான் எமன்.

அந்த ரெண்டு நிமிஷத்துக்கு எதிராக விமானத்தில் இருக்கிற ஒரே காவல், பைலட்டின் முழங்காலுக்கு முன்னால் நிற்கும் ஃபயர்வால். எவ்வளவு தடிமன் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்க விதியின்படி துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் 0.38 மில்லிமீட்டர் போதும். டைட்டானியமானால் 0.41. நம் சமையலறை எவர்சில்வர் தட்டைவிட மெல்லிசு. ஆனால் 1,093 டிகிரி செல்சியஸ் ஜ்வாலையில் 15 நிமிஷம் ஓட்டை விழாமல் நிற்க வேண்டும் என்பது பரீட்சை. அலுமினியமாக இருந்தால் 660ல் உருகி ஓடிவிடும். 1973ல் ஆரம்பித்த நம் மிதானியில் எதற்காக டைட்டானியத்தோடு அத்தனை பேர் மல்லுக்கட்டினார்கள் என்று இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கேட்டால் இந்த மாதிரி உதாரணத்தைச் சொல்லலாம்.

ஆனால் ஃபயர்வால் நிற்கும்போது அதன்முன் என்ஜினைத் தாங்கும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்ச் சட்டம் சூட்டில் வலுவிழந்துகொண்டிருக்கும். குழாய் உருகத் தேவையில்லை, தளர்ந்தாலே போதும்.

சரி, இறங்கியாயிற்று. இறங்கியவுடன் காற்று வரும் திசைப் பக்கமாக ஓட வேண்டும். மூக்கின் மூடியைத் திறந்து பார்க்கிற ஆசை வரக்கூடாது. புதுக் காற்று உள்ளே போனால் அடங்கியது மறுபடி எழும்பும். நம் ஊரில் வயலில் விமானம் இறங்கினால் பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிடும், பீடியோடு. அவர்களைத் தூர நிறுத்துவதும் பைலட் வேலைதான். உடம்பில் தீ பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரி. பேனா மை, இட்லி மாவு, பற்பசை எதுவும் கூடாது. பெற்றோருக்கு ஒரு யோசனை: பறக்கப் போகும் பிள்ளைக்கு நைலான், பாலியெஸ்டர் வாங்காதீர்கள். அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான்.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்வி. அணைந்துவிட்டது, துடைத்தாயிற்று, நாளைக்குப் பறக்கலாமா?

முதல் சந்தேகம் அந்தப் பவுடர். சாதாரண ஏ.பி.சி. தீயணைப்பானில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். தீயை நன்றாகத்தான் அணைக்கும். சூடுபட்டு, ஈரமும் சேர்ந்தால் அமிலத் தன்மை பெற்று அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். இடுக்குகளிலும் மின் இணைப்புகளிலும் புகுந்துகொண்டால் துணியால் துடைத்துப் பயனில்லை. சீக்கிரமாகப் பிரித்துக் கழுவ வேண்டும். விமானங்களில் பயன்படும் ஹாலான் வாயு இப்படி எச்சம் வைக்காது. ஆனால் ஓசோன் படலத்துக்குக் கெடுதல் என்று மான்ட்ரியால் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகளில் 1994 முதல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. பழையதைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, உலோகத்தின் ஞாபகம். விமான அலுமினியக் கலவை வெப்பப் பதத்தால் வலுப்பெற்றது. இருநூறு, முந்நூறு டிகிரி பட்டால் உருவம் மாறாது, பளபளப்பும் போகாது, பலம் மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுப்பது பெயின்ட். பழைய விமானங்களின் உட்புறம் பூசும் மஞ்சள் பச்சை ஜிங்க் குரோமேட், ஏறத்தாழ 230 டிகிரியில் இளம்பழுப்பாகும், 260ல் பழுப்பு, 315ல் கரும்பழுப்பு, 370ல் கறுப்பு. விபத்தை ஆராய்கிறவர்களுக்கு இது ஒரு தெர்மாமீட்டர். சந்தேகமிருந்தால் கடினத்தன்மையையும் மின்கடத்தும் திறனையும் அளந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு சாட்சி புகைக்கரி. வானில் எரிந்திருந்தால் கரி காற்றோட்டத்தோடு வால் பக்கமாகக் கோடு போட்டிருக்கும், உருகிய அலுமினியத் துளிகள் பின்னால் தெறித்திருக்கும். தரையில் எரிந்தால் கரி மேலே ஏறும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைந்த பாகங்களை வைத்துக்கொண்டு இப்படித்தான் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்போம். உடைந்த துண்டு பொய் சொல்லாது.

மூன்றாவது, எழுதிவைப்பது. 2007 ஜூலை 10ஆம் தேதி அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் ஒரு செஸ்னா 310 வானில் தீப்பற்றி வீடுகள்மேல் விழுந்தது. விமானத்தில் இருவர், தரையில் மூவர், ஆக ஐந்து பேர் பலி. முந்தின நாள் ஓட்டிய பைலட், வானிலை ரேடாரிலிருந்து கருகல் வாடை வந்ததென்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அதைச் சரிபார்க்காமலே மறுநாள் விமானம் கிளம்பியது. அது என்ஜின் தீ அல்ல, மின்சாரத் தீ. ஆனால் "நேத்து கொஞ்சம் வாடை வந்துது, இன்னிக்கு இல்லையே" என்கிற மனோபாவம் எந்தத் தீக்கும் பொது.

இதையெல்லாம் சொல்லி முடித்து, அவளிடம் மூன்றே கேள்வி கொடுத்து அனுப்பினேன். மூக்கு மூடியை முழுக்கக் கழற்றினார்களா? பவுடரைக் கழுவினார்களா? நடந்ததையும் செய்ததையும் பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்ற பராமரிப்பு என்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஏறு, ஒன்றுக்கு இல்லையென்றாலும் ஏறாதே என்றேன். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண் அந்தப் பள்ளியில் போய் இப்படிக் கேட்பது லேசான காரியமில்லை. மணி நேரத்துக்கு இத்தனை ஆயிரம் என்று கட்டிப் படிக்கிற இடம். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்தால் போகாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் வந்தது. முதல் கேள்விக்கே பதில் இல்லையாம். அவள் ஏறவில்லை. பயிற்சியாளர் அவள் பக்கம் நின்றிருக்கிறார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டருக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் ஒரு பக்கம் பொசுங்கி ஓட்டை. காற்று வடிகட்டி கருகியிருக்கிறது. பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாயின் மேலுறை கொப்புளித்திருக்கிறது. விமானம் ஒன்பது நாள் கொட்டகையில் நின்றது.

இப்போதெல்லாம் அவள் ஏறுவதற்கு முன் என்ஜினுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிறாளாம். விமான பெட்ரோல் கசிந்து உலர்ந்த இடத்தில் நீலக் கறை விட்டுப்போகும் என்று சொன்னேனல்லவா, அதைத் தேடி. பின்னால் காத்திருக்கும் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். "பண்ணட்டும் மாமா" என்கிறாள்.